டாக்டர் ஹூ நாவல்களும் அழிந்துபோன ஒளிநாடாக்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான அறிவியல் புனைகதை பற்றிய கட்டுரை, தொலைக்காட்சித் தொடர்களை ஒட்டி எழுதப்படும் நாவல்களைச் சினிமாப் பாட்டுப் புத்தகங்களுக்குச் சமம் என்று ஒரே வரியில் தள்ளிவிட்டது. பாட்டுப் புத்தகங்களைக் காசு கொடுத்து வாங்கிச் சேர்த்த தலைமுறையைச் சேர்ந்தவன் என்பதால் அந்த ஒப்பீட்டில் எனக்கு வருத்தமில்லை. ஆனால், டாக்டர் என்ற வேற்றுக்கிரகவாசி காலத்திலும் விண்வெளியிலும் பயணம் செய்வதைச் சொல்லும், பிபிசி 1963 நவம்பர் 23 அன்று தொடங்கிய 'டாக்டர் ஹூ' தொடரின் நாவல்களையும் கட்டுரையாளர் அதே மூட்டையில் கட்டியிருப்பதை மறுக்காமல் இருக்க முடியவில்லை.

1960களில் ஒளிநாடா விலை உயர்ந்த பொருள். ஒளிபரப்பான நிகழ்ச்சியைத் திரும்பத் திரும்பக் காட்டுவதற்கு நடிகர்களுடனான ஒப்பந்தங்கள் இடம் தரவில்லை. அதனால் பிபிசி அந்த நாடாக்களை அழித்து வேறு நிகழ்ச்சிகளுக்குப் பயன்படுத்திக்கொண்டது. வெளிநாட்டு விற்பனைக்கென எடுத்துவைத்த படச்சுருள்களிலும் பல 1970களில் ஒழிந்துபோயின. டாக்டராக முதலில் அடுத்தடுத்து நடித்த வில்லியம் ஹார்ட்னல், பேட்ரிக் டிரவுட்டன் இருவரின் காலத்தைச் சேர்ந்த தொண்ணூறுக்கும் மேற்பட்ட பகுதிகளுக்கு இன்றைக்கும் முழுப் படம் இல்லை. ரசிகர்கள் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து பதிந்துவைத்த ஒலி மட்டுமே முழுமையாக உண்டு. டார்கெட் பதிப்பகம் 1973இல் பழைய மூன்று நாவல்களை மறுபதிப்புச் செய்து தன் 'டாக்டர் ஹூ' நாவல் வரிசையைத் தொடங்கியது. தொடரின் முதல் வீடியோ கேசட் விற்பனைக்கு வந்ததோ 1983இல்தான். இடைப்பட்ட பத்து ஆண்டுகளில், பார்க்கத் தவறிய ஒரு கதையை முழுமையாக அறிய விரும்பிய பிரிட்டிஷ் சிறுவனுக்கு இருந்த வழி அந்த மெல்லிய பேப்பர்பேக் புத்தகங்கள்தாம்.

அவற்றை வெறும் பிரதி என்பவர், தொடரின் முதல் கதைப் பொறுப்பாசிரியரான டேவிட் விட்டேக்கர் உலோகக் கூட்டுக்குள் வாழும் டாலெக் என்ற வேற்றுக்கிரக எதிரிகளைப் பற்றி 1964இல் எழுதிய நாவலைப் புரட்டிப் பார்க்கலாம். திரையில் தொடரின் முதல் கதை ஒரு பள்ளியில் தொடங்குகிறது. விசித்திரமான மாணவி ஒருத்தியைப் பின்தொடர்ந்து இரண்டு ஆசிரியர்கள் பழைய இரும்புக் கிடங்குக்குள் நுழைகிறார்கள். டாலெக்குகள் வரும் இரண்டாவது கதையைத்தான் விட்டேக்கர் நாவலாக்கினார் என்பதால், டாக்டரை வாசகருக்கு அறிமுகப்படுத்தும் தொடக்கம் ஒன்றை அவரே உண்டாக்க வேண்டியிருந்தது. மூடுபனி கவிந்த இரவில் லண்டனின் பார்ன்ஸ் பகுதியில் நேர்ந்த ஒரு லாரி விபத்திலிருந்து, திரையில் அந்த ஆசிரியர்களில் ஒருவரான இயன் செஸ்டர்டன் 'நான்' என்று தன் வாயாலேயே கதை சொல்லிப் போகிறார். கண்ணாடி உடலுக்குள் அமர்ந்திருக்கும் டாலெக் தலைவனும் புத்தகத்துக்கே உரியவன். தொடரில் அவன் இல்லை.

என் வாசிப்பில் இந்த வரிசையின் சிகரம் மால்கம் ஹல்க் 1974இல் எழுதிய 'தி கேவ் மான்ஸ்டர்ஸ்'. மனிதர் தோன்றுமுன் பூமியை ஆண்டு, பின் குகைகளில் உறங்கிப்போன ஊர்வன இனத்தைப் பற்றித் தாமே 1970இல் எழுதிய தொலைக்காட்சிக் கதையை அவர் நாவலாக்கினார். திரையில் அந்த உயிரினங்களுக்குத் தனிப்பெயர்கூடக் கிடையாது. ரப்பர் முகமூடிக்குள் நடிகர்கள் தலையை ஆட்டிப் பேசுவார்கள். நாவலோ அவர்களிடமிருந்தே தொடங்குகிறது. ஒக்டெல் என்ற தலைவர் கீழே நிலவறைக்குள் இறங்குமுன் தம் உலகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்கிறார். இதைப் படித்த பிறகு, இறுதியில் ராணுவம் அந்தக் குகைகளை வெடிவைத்து மூடும்போது இழப்பு யாருடையது என்பது திரையில் விளங்கியதைவிடப் பல மடங்கு நன்றாக விளங்குகிறது. இந்த வேலையைப் பாட்டுப் புத்தகம் செய்யாது.

எல்லாமே இப்படி என்று நான் வாதிடவில்லை. அறுபதுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதிக் குவித்த டெரன்ஸ் டிக்ஸ், தொடக்க நூல்களில் தெளிவும் வேகமும் காட்டினார் என்றாலும், அவருடைய பிற்கால நூல்கள் சில வசனப் பிரதிக்கு இடையிடையே 'என்றார்' சேர்த்ததுபோலவே இருக்கின்றன. மறுபுறம், திரை எப்போதும் மேல் என்பதற்கும் உறுதியில்லை. உடலை எந்திரமாக மாற்றிக்கொண்ட சைபர்மேன் என்ற இனத்தின் கல்லறையைப் பற்றிய 1967ஆம் ஆண்டுக் கதையின் படச்சுருள்கள் 1990களின் தொடக்கத்தில் ஹாங்காங்கிலிருந்து திரும்பக் கிடைத்தன. நாவலை முதலில் படித்து, படத்தைப் பின்னர் பார்த்தவன் நான். கல்லறை திறக்கும் காட்சி நன்றாகவே இருக்கிறது, மற்ற இடங்களில் எனக்குப் புத்தகமே பெரியதாகத் தெரிந்தது.

கட்டுரையாளர் தொடவே தொடாத இன்னொன்றும் உண்டு. 1989இல் தொடர் நின்றுபோனபின், 1991 முதல் வர்ஜின் பதிப்பகம் முற்றிலும் புதிய கதைகளை நாவல்களாக வெளியிட்டுவந்தது. முதல் உலகப் போருக்குச் சற்று முந்தைய ஆங்கிலப் பள்ளி ஒன்றில் டாக்டர் தம்மை மறந்து மனிதராக வாழ்வதைச் சொல்லும் பால் கார்னலின் 1995ஆம் ஆண்டு நாவல், 2007இல் அவர் கையாலேயே இரண்டு பகுதிகள் கொண்ட தொலைக்காட்சிக் கதையாயிற்று. 2005இல் தொடரை மீட்டெடுத்த ரசல் டி டேவிஸும் 1996இல் இதே வரிசைக்கு ஒரு நாவல் எழுதியவர்தாம். தொடரிலிருந்து நாவல் பிறந்தது போக, நாவலிலிருந்தும் தொடர் பிறந்திருக்கிறது.

கட்டுரையின் அடுத்த பகுதி வரவிருப்பதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். அதில் இந்த நாவல்களைக் கட்டுரையாளர் தாராளமாகக் கண்டிக்கட்டும். ஆனால் எந்த நாவல், யார் எழுதியது, எங்கே சறுக்கியது என்று பெயர் சொல்லிக் கண்டிக்குமாறு அவரிடம் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்