'என்னைத் தெரியுதா?' என்று கேட்காதவர்களுக்கு

எங்கள் தெருவுக்கும், அம்மாவைப் பார்த்துக்கொண்ட எல்லோருக்கும் வணக்கம்.

அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் போன வாரம் முடிந்தது. வந்தவர்களை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டு அனுப்பினோமே தவிர, யாரிடமும் நின்று இரண்டு வார்த்தை பேச முடியவில்லை. பேச வாயெடுத்தால் தொண்டை அடைத்துக்கொண்டது. அதனால் எழுதுகிறேன். யார் பெயரையும் போடவில்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரிந்துவிடும்.

அம்மாவுக்கு வந்தது அல்சைமர் என்று 2017ல் தெரிந்தது. அப்போது அவளுக்கு வயது 71. அதற்கும் இரண்டு வருடம் முன்பிருந்தே அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருக்கும், அவள் கொல்லையில் நிற்பாள். ஒரே சேதியைப் பத்து நிமிடத்தில் மூன்று தடவை சொல்வாள். வயதானால் மறக்கத்தானே செய்யும் என்று நாங்களும் விட்டுவிட்டோம். முதலில் காட்டிய இடத்தில் இரண்டு நிமிடம் பேசிவிட்டுத் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு பகலெல்லாம் சுருண்டு கிடந்தாள். ஒரு நாள் கிணற்றடியில் விழுந்தும் விட்டாள்.

அதற்கப்புறம் பார்த்த டாக்டருக்குத்தான் என் முதல் நன்றி. தைராய்டு குறைந்தாலும், பி12 சத்து குறைந்தாலும் மறதி வரும், அது சரிசெய்யக் கூடியது என்று சொல்லி, முதலில் அதையெல்லாம் பரிசோதித்தார். தலை ஸ்கேன் எடுத்தார். பிறகு என்னையும் தம்பியையும் உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். மூளையில் புது விஷயத்தைப் பதிந்துவைக்கிற ஹிப்போகேம்பஸ் என்கிற பகுதிதான் முதலில் அடிவாங்குகிறதாம். அதனால்தான் காலையில் சாப்பிட்டது மறந்துபோகிறது. கை பழகிய வேலையும், சின்ன வயதில் மனப்பாடமான பாட்டும் வேறு இடங்களில் தங்கியிருப்பதால் அவை போவதற்கு வெகுநாள் ஆகும். டொனெபெசில் மாத்திரை கொஞ்ச காலம் கைகொடுக்கும், நோயை நிறுத்தாது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்.

கடைசியில், "அம்மாவுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டார். கோலம், பூக்கட்டுவது, வெள்ளிக்கிழமை அந்தாதி என்றேன். "அதுல எதையும் நிறுத்திடாதீங்க. தப்பாச் செஞ்சாலும் செய்யட்டும்" என்றார். அடுத்த ஏழெட்டு வருடம் நாங்கள் ஓட்டியது அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான்.

ஆனால் அதைப் புரிந்துகொள்ள எனக்கே ஒரு வருடம் பிடித்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அம்மா முன்னால் நின்று, "நான் யாரு, சொல்லுங்க பார்ப்போம்?" என்பார்கள். பாசத்தில்தான் கேட்டார்கள். ஆனால் அவள் முகத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். கண் அங்குமிங்கும் ஓடும், முந்தானை நுனியைச் சுருட்டுவாள், வேர்த்துவிடும். நானும் அதையேதான் செய்தேன். இன்னிக்கு என்ன கிழமை, காலையில என்ன டிபன், இது யாரு போட்டோ என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். "அப்பா எங்கடி?" என்று கேட்டால், "அப்பா போய்ப் பத்து வருஷம் ஆச்சும்மா" என்று ஒவ்வொரு தடவையும் திருத்தினேன். ஒவ்வொரு தடவையும் அவள் அந்தச் சாவைப் புதிதாகக் கேட்டு அழுதாள். என்னால் இன்னும் ஆற்றிக்கொள்ள முடியாதது இதுதான்.

அதை நிறுத்தியவர், அம்மாவோடு அந்தாதி பாடுகிற வெள்ளிக்கிழமைக் குழுவின் பெரியம்மா. அம்மாவை விட ஆறு வயது மூத்தவர். நான் அம்மாவிடம் கிழமை கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "ஏண்டி, பட்டரே திதியைத் தப்பாச் சொன்னவர்தானே? அவரை அம்பாள் கைவிட்டாளா?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். திருக்கடையூரில் சரபோஜி மன்னர் என்ன திதி என்று கேட்க, தை அமாவாசையைப் பௌர்ணமி என்று சொல்லிவிட்ட அபிராமி பட்டரின் கதை நம் பக்கத்தில் யாருக்குத் தெரியாது? சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். அன்றைக்குத்தான் அது எங்கள் வீட்டுக் கதையாகக் காதில் விழுந்தது. அம்மா பிறந்ததும் திருக்கடையூர்தான். அன்றோடு கிழமை கேட்பதை விட்டேன். அப்பாவைக் கேட்டால், "வருவார்மா. அவர் உன்னைப் பொண்ணு பார்க்க வந்த கதையைச் சொல்லேன்" என்று சொல்லப் பழகினேன். சொல்வாள். பஜ்ஜி கருகிப்போனதில் ஆரம்பிப்பாள்.

வெள்ளிக்கிழமைக் குழுவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். அம்மா நடுவில் எழுந்து போவதும், பாட்டைப் பாதியில் நிறுத்துவதும், சுண்டல் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு யாருக்கும் தராமல் நிற்பதுமாக ஆனபோது, இனி அழைத்து வரவேண்டாம் போலிருக்கிறது என்று நானே முடிவு செய்திருந்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஒன்பது பேரும் எங்கள் வீட்டு வாசலில் நின்றார்கள். "இனிமே இங்கதான்" என்றார் பெரியம்மா. 2020ல் ஊரடங்கின்போது மட்டும் ஆளுக்கொரு திண்ணையில் உட்கார்ந்து பாடினார்கள். மற்றபடி ஒரு வாரம் தவறியதில்லை.

அபிராமி அந்தாதி நூறு பாட்டு. ஒரு பாட்டு எந்தச் சொல்லில் முடிகிறதோ அதைத் தொட்டுத்தான் அடுத்தது தொடங்கும். இலக்கண வகுப்பில் இதைப் படித்திருக்கிறேன். அது ஞாபகசக்திக்குக் கட்டிய பாலம் என்பதை அம்மாவிடம்தான் பார்த்தேன். எங்கே விட்டாலும் அவளால் தானாக ஆரம்பிக்க முடியாது. ஆனால் முதல் பாட்டின் கடைசியில் "விழுத்துணையே" என்று நீட்டிவிட்டு எல்லோரும் நிறுத்தினால், அம்மா "துணையும்" என்று எடுப்பாள். அதன் முடிவில் "அறிந்தனமே" என்று நிறுத்தினால் "அறிந்தேன்" என்று எடுப்பாள். என் பெயர் வராத வாயிலிருந்து முழுப் பாட்டு வரும். அந்தக் குரலில் நடுக்கம்கூட இருக்காது. சில நாள் எடுக்க ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடமும் ஒன்பது பேரும் வாயைத் திறக்காமல், அவளை உற்றுப் பார்க்காமல், தாளத்தை மட்டும் தொடையில் தட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். நன்றி என்று நான் சொல்வது அந்தக் காத்திருப்புக்கு.

எதிர்வீட்டுத் தங்கைக்கு. நீ அப்போது காலேஜில் இரண்டாம் வருடம். காலையில் பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்திலும் எங்கள் வாசலில் அம்மாவோடு குந்தி உட்கார்ந்து கோலம் போட்டாய். அம்மாவின் கைக்கு ஏழு புள்ளி, நாலு வரை ஊடுபுள்ளி என்பது மூச்சுவிடுகிற மாதிரி. புள்ளி கடைசி வரைக்கும் பிசகவில்லை. கம்பிதான் பாதியில் வழி தெரியாமல் நின்றுவிடும். நீ ஒரு நாளும் அழிக்கவில்லை, "இப்படிப் பாட்டி" என்று கையைப் பிடிக்கவில்லை. அவள் விட்ட இடத்தில் உன் மாவை வைத்து இழுத்துக்கொண்டு போவாய். அவள் திரும்ப வந்து வேறெங்கோ ஒரு சுழி போட்டால் அதையும் சேர்த்துக்கொண்டு வளைப்பாய். அப்படி வந்தது எந்தக் கோலப் புத்தகத்திலும் இல்லாத கோலம். ஒரு நாள் பாதிக் கோலத்தின் நடுவில் அம்மா ஒரு மீன் வரைந்து, அதற்குக் கண் வைத்துவிட்டு உன்னைப் பார்த்துச் சிரித்தாள். புதிதாக ஒன்றைச் செய்துவிட்ட சிரிப்பு அது. அந்தப் படம் என் போனில் இருக்கிறது.

பூக்கார அக்காவுக்கு. மாலை நாலரை ஆனால் அம்மாவுக்கு இருப்புக்கொள்ளாது. "நேரமாச்சு, வீட்டுக்குப் போகணும்" என்று கதவைப் போட்டு ஆட்டுவாள். வெளிச்சம் மங்குகிற நேரத்தில் இந்த நோயாளிகள் பலருக்கும் இப்படி ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த நேரத்துக்குச் சரியாக நீங்கள் ஒரு முறத்தில் முல்லையும் நனைத்த வாழைநாரும் கொண்டுவந்து, "அக்கா, கை ஒழியல, கொஞ்சம் கட்டிக் குடுங்க" என்று கேட்டீர்கள். உதவி கேட்டீர்கள், கவனியுங்கள். அவளிடம் யாரும் உதவி கேட்டு எத்தனை நாளாகியிருந்தது! இரண்டு பூ இப்படி, இரண்டு பூ அப்படி, நாரை ஒரு சுற்றுச் சுற்றி இழுத்து, அடுத்தது. ஆறு மணி வரை கதவுப் பக்கம் திரும்ப மாட்டாள். முடித்ததும் பத்து ரூபாய் கூலி கொடுப்பீர்கள். அதை முந்தானையில் முடிந்துகொள்வாள்.

காரியத்தன்றுதான் உங்கள் மகள் சொன்னாள். கடைசி இரண்டு வருடம் அம்மா கட்டிய சரம் தூக்கினால் உதிர்ந்துவிடுமாம். ராத்திரி நீங்கள் அத்தனையையும் பிரித்து மறுபடி கட்டுவீர்களாம். எங்களிடம் மூச்சுக்கூட விடவில்லையே அக்கா. அம்மாவின் பெட்டியில் முடிச்சு முடிச்சாகப் பத்து ரூபாய் நோட்டுகள் இருக்கின்றன. எண்ண மனசு வரவில்லை.

ஆட்டோ அண்ணனுக்கு. பூவுக்கும் அடங்காத நாட்களில் "திருக்கடையூருக்கு விடுங்க" என்று அம்மா ஏறி உட்கார்ந்துவிடுவாள். அது இருபது கிலோமீட்டருக்கு மேல். நீங்கள் மாயூரநாதர் கோயிலைச் சுற்றி, கடைத்தெரு வழியாக வந்து, எங்கள் வாசலிலேயே நிறுத்தி, "ஊர் வந்தாச்சும்மா" என்பீர்கள். அவளும் நிம்மதியாக இறங்கி வருவாள். மீட்டர் காசு நான் நீட்டினால் பாதி நாள் வாங்கியதில்லை.

பாய் வீட்டு அக்காவுக்கு. அம்மா உங்களைத் தன் செத்துப்போன அக்கா என்றே நம்பினாள். "அக்கா" என்று கூப்பிட்டால், "என்னடி, இங்கதான் இருக்கேன்" என்று பதில் தந்தீர்கள். எனக்குக் காய்ச்சல் வந்த அந்த ஒரு வாரம் ராத்திரியெல்லாம் அவள் கட்டிலருகே இருந்து, முனாஜாத் என்கிற உங்கள் பிரார்த்தனைப் பாட்டைச் சன்னமாக முனகிக்கொண்டே தலையைக் கோதிவிட்டீர்கள். அவள் கூடவே ம்ம் கொட்டினாள். எந்தச் சாமியின் பாட்டு என்ற கணக்கெல்லாம் அவளிடம் அப்போது இல்லை. இதமான குரலும் தலையில் ஒரு கையும் இருந்தது, தூங்கினாள்.

பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்த தங்கைக்கு. குளிக்க மாட்டேன் என்று அடித்தவளைக் குளிப்பாட்டியது நீ. தலையில் முதல் செம்புத் தண்ணீரை ஊற்றாதே, காலில் ஆரம்பி என்று எனக்குக் கற்றுக்கொடுத்ததும் நீதான். சம்பளம் கொடுத்தோம். அதோடு தீர்ந்துபோகிற கடன் இல்லை இது.

அப்புறம், 14416 டெலி-மானஸ் என்கிற மனநல உதவி எண்ணில் ஒரு நாள் இரவு ஒன்றரை மணிக்குப் பேசிய பெண்ணுக்கு. முகமும் தெரியாது, பெயரும் தெரியாது. அன்றைக்கு நான் அம்மாவைக் கை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை, ஆனால் ஓங்கினேன். யாரிடமும் சொல்ல முடியாமல் அந்த எண்ணை அழுத்தினேன். நீங்கள் அறிவுரை சொல்லவில்லை. "நீங்க கடைசியா எப்போ எட்டு மணி நேரம் தூங்குனீங்க?" என்று கேட்டீர்கள். நான் அழுது முடிக்கிறவரை போனை வைக்கவில்லை. பார்த்துக்கொள்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. முதியோருக்கென்றே 14567 என்ற எண்ணும் இருக்கிறது.

தம்பி வெளிநாட்டிலிருந்து மாதம் தவறாமல் பணம் அனுப்பினான், ஞாயிறுதோறும் வீடியோவில் வந்தான். அவனுக்கும் நன்றி சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டான், ஆனாலும் சொல்கிறேன்.

கடைசி ஆறு மாதம் அம்மா பேசவில்லை. விழுங்குவதும் சிரமமாகிவிட்டது. அதைத் தெரிந்துகொண்டு கோயில் குருக்கள் பிரசாதம் எதையும் வாயில் வைக்காமல், கட்டில்வரை வந்து நெற்றியில் குங்குமம் மட்டும் இட்டுவிட்டுப் போனார். கடைசி வெள்ளிக்கிழமையும் ஒன்பது பேரும் வந்தார்கள். "விழுத்துணையே" என்று நிறுத்திக் காத்திருந்தார்கள். அம்மா வாய் திறக்கவில்லை. போர்வைக்கு வெளியே இருந்த வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து தேய்த்தன, கோலமாவு விடுகிற மாதிரி. பெரியம்மா அதைப் பார்த்தார். "எடுத்துட்டாடி" என்று சொல்லிவிட்டு இரண்டாம் பாட்டைத் தொடங்கினார்.

படுக்கைப்புண் வராமலிருக்க வாங்கிய காற்று மெத்தையும், சக்கர நாற்காலியும் நல்ல நிலையில் திண்ணையில் இருக்கின்றன. தேவைப்படுகிறவர்கள் யாராக இருந்தாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம், திருப்பித் தர வேண்டாம். வரும் வெள்ளிக்கிழமையும் மாலை ஆறு மணிக்கு வழக்கம்போல எங்கள் வீட்டில்தான். பாய் விரித்து வைத்திருப்பேன். சுண்டல் என் பொறுப்பு. பூக்கார அக்கா, ஒரு முறம் முல்லை கொண்டுவாருங்கள். எனக்கு வேகமாகக் கட்ட வராது, ஆனால் கட்டுகிறேன்.

அன்புடன்,
அம்மாவின் மகள்
மயிலாடுதுறை