மெழுகுக்குள் மீதி இருந்ததைப் பார்த்த தம்பிக்கு

எல்லோருக்கும் வணக்கம். நெஞ்சுக்குள் நெறிக்கட்டிகள் தெரிந்தது, என்ன நோய் என்று தெரியாமல் அலைந்தது, சோதனைக்காகக் கெண்டைக்காலில் தசை வெட்டி எடுத்தது எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை, மறுபடி ஆரம்பிக்கப் போவதில்லை. சார்காய்டோசிஸ்தான் என்று முடிவாகிவிட்டது, உடம்பில் அங்கங்கே சின்னச் சின்ன அழற்சி முடிச்சுகள் உண்டாகும் நோய். காசநோய் இல்லை, நிணநீர்ப் புற்றுநோயும் இல்லை. நோயின் பெயரைக் கேட்டு ஒரு வீடே சிரித்தது என்றால் அது எங்கள் வீடாகத்தான் இருக்கும்.

ராத்திரி துணைக்கு இருந்தவர்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர்கள், கெண்டைக்காலில் தையல் பிரிக்கும்வரை என்னை மாடிப்படி ஏறவிடாத தங்கை, எல்லோருக்கும் நன்றி. "ஊசி தோலைத்தான் மரத்துப்போக வைக்கும், தசையை வெட்டும்போது சுண்டி இழுக்கும், அப்போ என் கையைப் பிடிச்சுக்கோங்க" என்று ஒளிக்காமல் சொன்ன நர்ஸம்மாவுக்கும்தான். அவர் கை இன்னும் வலிக்கிறதோ என்னவோ.

ஆனால் இதை எழுத உட்கார்ந்தது பரிசோதனைக்கூடத்துத் தம்பிக்காக.

நெஞ்சுக்குள் இருந்த நெறிக்கட்டிகளிலிருந்து ஊசியில் எடுத்தது எதையும் தெளிவாகச் சொல்லவில்லை. காலில் எடுத்த தசையும் 'இயல்பாக உள்ளது' என்று வந்தது. அடுத்த காலிலும் எடுத்துப் பார்க்கலாமா என்ற பேச்சு தொடங்கியிருந்தது. வேறு டாக்டரிடம் காட்டலாம் என்று நுண்ணோக்கியில் பார்த்த ஸ்லைடுகளையும், திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பிளாக்கையும் வாங்கப் போனேன். தம்பி கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்து அனுப்பியிருக்கலாம். அவர் வேலை அவ்வளவுதான். பிளாக்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். சின்ன பிளாஸ்டிக் சட்டத்தில் வெள்ளை மெழுகு, நடுவே உளுந்தளவுக்கு மங்கலாக ஏதோ ஒன்று. என் கால்தான்!

"அக்கா, இன்னும் திசு நிறைய மீதி இருக்கு. மேடம்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன், உட்காருங்க."

அப்புறம் அவரே விளக்கினார். ஒரு ஸ்லைடில் ஏறுவது 4 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கு பங்கு) கனத்தில் சீவிய ஒரே ஒரு இழை. இந்த நோயில் வரும் கிரானுலோமாக்கள், அதாவது அந்த அழற்சி முடிச்சுகள், தசை முழுக்கப் பரவிக் கிடக்காது, அங்கொன்று இங்கொன்றாக ஒளிந்திருக்கும். மேலாக வெட்டினால் நல்ல தசை மட்டும் தெரியலாம், இன்னும் உள்ளே போனால் தட்டுப்படலாம். அதனால் முதல் ரிப்போர்ட் எழுதியவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் கண்ணுக்கு வந்த இழையில் இல்லை, அவ்வளவே.

பரிசோதனைக்கூடத்து மேடம் சரி என்றார். அதே பிளாக்கை ஆழமாக, படிப்படியாக வெட்டினார்கள். கிரானுலோமா இருந்தது, காசநோயில் வழக்கமாக வருவதுபோல் அதன் நடுவில் திசு அழுகல் இல்லை. காசநோய்க் கிருமிக்கான சாயம் போட்டும் ஒன்றும் தென்படவில்லை, கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சரும் சுத்தம். ஸ்கேனையும் ரத்தப் பரிசோதனைகளையும் இதோடு சேர்த்துப் பார்த்து டாக்டர் முடிவு சொன்னார். காசநோயை உறுதியாக விலக்காமல் இந்த நோய்க்கான ஸ்டீராய்டு மருந்தைத் தொடங்குவது ஆபத்து என்பதால்தான் அத்தனை நாள் இழுத்தது.

தசையில் வலியோ பலவீனமோ இல்லாத எனக்கு எதற்குக் காலில் கத்தி என்று கேட்டவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். சார்காய்டோசிஸ் உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் தசையில் இது சத்தமில்லாமல் இருக்கிறதாம், தொந்தரவு கொடுப்பது வெகு சிலருக்குத்தான். நெஞ்சைத் திறப்பதைவிட கெண்டைக்காலைக் கீறுவது எவ்வளவோ மேல்.

மீதித் திசுவை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளட்டும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். இனி தெரிந்தவர்கள் யாருக்காவது பயாப்ஸி 'இயல்பு' என்று வந்து, டாக்டருக்கோ சந்தேகம் தீரவில்லை என்றால், "பிளாக்கில் மீதி இருக்கா, இன்னும் ஆழமா வெட்டிப் பார்க்க முடியுமா?" என்று கேட்கச் சொல்வேன். கேட்கத் தயங்கினால் நானே கூட வருகிறேன்.

தம்பி, பெயரைப் போட வேண்டாம் என்றீர்கள், போடவில்லை. அடுத்த பரிசோதனைக்கு வரும்போது எட்டிப் பார்ப்பேன். ஸ்டீராய்டில் முகம் பூசணிக்காயாகிவிட்டது, அடையாளம் தெரியாமல் டோக்கன் எடுக்கச் சொல்லிவிடாதீர்கள்.