ஐந்து ஆம்பியர் கணக்கு

அன்புள்ள நண்பா,

மகள் கல்யாண அலைச்சல் எல்லாம் ஓய்ந்ததா? முழங்கால் எப்படி இருக்கிறது?

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒவ்வொரு பாகமாக வாங்கி நாம் சேர்த்த ஆம்பிளிஃபயர் போன மாதம் புகை விட்டது. டிரான்ஸ்ஃபார்மர்தான். திரும்பச் சுற்றித் தருகிறேன் என்றவர் செம்புக் கம்பி விலையைச் சொன்னதும் பேசாமல் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

எஸ்எம்பிஎஸ்ஸை, அதான் கனத்த டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் படபடவென்று ஸ்விட்ச் பண்ணியே வோல்டேஜை மாற்றித் தரும் பவர் சப்ளையை, ஆடியோ பக்கமே விடக்கூடாது என்று நீ சண்டை போட்டது ஞாபகம் இருக்கிறது. சிரிக்காதே, அதையே போட்டுவிட்டேன். எல்இடி போர்டுக்காரர்கள் வாங்கும் 24 வோல்ட், 5 ஆம்பியர் பெட்டி இரண்டு. ஒன்றின் மைனஸும் இன்னொன்றின் பிளஸும் சேரும் இடம் கிரவுண்ட். ஒலியைப் பெருக்கும் எல்எம்3886 ஐசி இரண்டுக்கு அது போதும்.

இரைச்சல்தான் கொல்லும் என்று பயந்தேன். ட்வீட்டரில் காதை ஒட்டி வைத்தாலும் ஒன்றுமில்லை. பழைய 100 ஹெர்ட்ஸ் ஹம்கூடப் போய்விட்டது. (பக்கத்தில் ஏஎம் ரேடியோவை வைத்தால்தான் சேதி தெரியும். கரகரவென்று ஒரே கத்தல்.)

உதைத்தது வேறு இடத்தில். தவில் கேட்கலாமென்று வால்யூமை ஏற்றினேன். ஓங்கி ஓர் அடி விழுந்ததும் எல்லாம் அணைந்து, பெட்டி 'டிக் டிக்' என்று உயிர் பிடிக்கப் பார்த்தது. தப்பு என் கணக்கில். 4 ஓம் ஸ்பீக்கரில் 20 வோல்ட் உச்சிக்கு 5 ஆம்பியர். இரண்டு சேனலும் சேர்ந்து அடித்தால் 10. சராசரி மூன்று சொச்சம்தான் வரும், அதை நம்பித்தான் 5 வாங்கினேன். டிரான்ஸ்ஃபார்மராக இருந்தால் கொஞ்சம் வோல்டேஜ் இறங்கி, முனகிக்கொண்டே கொடுத்திருக்கும். இது கறார்ப் பேர்வழி. வரம்பு தாண்டினால் கடையைச் சாத்திவிடும்.

உடனே உன் வைத்தியம்: பெரிய கண்டென்சர். பக்கத்துக்கு 10,000 மைக்ரோஃபாரட் வைத்தேன். இப்போது ஸ்டார்ட்டே ஆகவில்லை! காலிக் கண்டென்சரை ஷார்ட் என்று நினைத்துக்கொள்கிறது. கடைசியில் 10 ஆம்பியர் பெட்டிகள் வாங்கி, பக்கத்துக்கு 1,000 மைக்ரோஃபாரட்டும் சின்னச் சோக்கும் போட்டதும் அடங்கியது. இங்கிலாந்தின் கார்ட் கம்பெனி ஆம்பிளிஃபயர்கள், அமெரிக்காவின் பெஞ்ச்மார்க் கம்பெனி ஏஎச்பி2 ஆம்பிளிஃபயர் எல்லாம் எஸ்எம்பிஎஸ்தானே. அவர்கள் சப்ளையைக் கஞ்சத்தனமாக வாங்கியிருக்க மாட்டார்கள்.

இன்னொன்று. பாடியைத் தொட்டால் சுருக்கென்றது. பிளக்கில் எர்த் வயர் சும்மா தொங்கியது. உள்ளே மெயின்ஸிலிருந்து பாடிக்கு, இரைச்சலை வடிக்கும் ஒய் கண்டென்சர் இருக்கிறது அல்லவா, எர்த் இல்லாவிட்டால் மெயின்ஸில் பாதி பாடியில் வந்து நிற்கும். கரண்ட் சொற்பம்தான், ஆனாலும் பேரன் வந்து போகிற வீடு. அன்றே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். நீ செய்தால் பெட்டியைத் திறக்காதே. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும்.

சாயங்காலம் லைன் 190க்கு இறங்கினாலும் பாட்டு அசையவில்லை. பழைய டிரான்ஸ்ஃபார்மரைக் காயலான் கடைக்குப் போட மனசு வரவில்லை. கொல்லைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறேன், வரும்போது காலில் இடித்துக்கொள்ளாதே.

உன் பழைய கூட்டாளி