கப்பியைக் கழற்றிவிடாதே

அன்பு மக்கா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. வாட்ஸாப்பில் ஒரு வரி போட்டிருக்கலாம்தான். நீ மூன்று பக்கம் கையால் எழுதியதற்கு நான் கட்டைவிரல் படம் அனுப்பினால் நன்றாகவா இருக்கும்? அதற்குள் பேரன் வந்து ஒரு வாரம் வீட்டைத் தலைகீழாக்கிவிட்டுப் போனான். முழங்கால் வலி பழையபடிதான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கார்த்திகைக்குள் குடிவந்துவிடுவோம் என்று எழுதியிருந்தாயே, சாவி என்னிடம்தானே இருக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமை குலசேகரம் போய் உன் வீட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். ஓடு மாற்றிவிட்டார்கள். வேலை சுத்தம். ஆனால் நான் போன நேரத்தில் கொத்தனார் கிணற்றடியில் நின்று, "இந்தக் கப்பிக்காலை இடிச்சிட்டு மேல சிலாப் போட்டு மூடிரலாம் சார், மோட்டார்தான் இருக்கே" என்றார். நான் வேண்டாம் என்று சொல்லி வந்திருக்கிறேன். ஏன் என்று நீ கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்.

நம் அப்பாமார் சொல்வது உனக்கு நினைவிருக்கும். "நமக்கு மலை இருக்கு, புயலெல்லாம் கிழக்குக் கரைக்காரனுக்கு." ஐம்பது வயது வரை நானும் அதை நம்பினேன். 2017 நவம்பர் 29ஆம் தேதி ராத்திரி படுக்கும்போது செய்தியில் தாழ்வு மண்டலம் என்றுதான் சொன்னார்கள். மறுநாள் காலையில் அதற்கு ஒக்கி என்று பேர் வைத்தாகிவிட்டது. அது நம் குமரி மாவட்டத்தில் கரையைக் கடக்கக்கூட இல்லை, பார்த்துக்கொள். குமரிக் கடலில் போகிற போக்கில் செய்துவிட்டுப் போன வேலை அது. அந்த வியாழக்கிழமை காலையில் ரப்பர் மரங்கள் ஒடிந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அவை வேரோடு சாயவில்லை. இடுப்பளவில் படார் படார் என்று முறிந்தன, திருவிழா வெடி போல. மழை விட்டதும் தோட்டத்துக்குப் போனால், முறிந்த இடத்திலெல்லாம் பால் வடிந்து மண்ணில் வெள்ளையாகத் தேங்கிக் கிடந்தது. ஏத்தன் வாழை ஒன்றுகூட நிற்கவில்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கம் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களை நினைத்தால் என் தோட்டத்துக் கணக்கைச் சொல்லவே கூசுகிறது.

வர்தா புயல் வந்தபோது சென்னையிலிருந்து நீ போனில் "மூணு நாளா கரண்ட் இல்லடா" என்று புலம்பினாய். ஒக்கிக்குப் பிறகு எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்தது பதினோராம் நாள். யாரையும் குறை சொல்ல முடியாது. கம்பங்கள் வரிசையாகப் படுத்துக் கிடந்தன. வெளிமாவட்டங்களிலிருந்தெல்லாம் லைன்மேன்கள் வந்து, கொட்டும் மழையில் கம்பம் நட்டார்கள்.

அந்தப் பதினோரு நாளில் முதலில் தீர்ந்துபோனது வெளிச்சம் இல்லை மக்கா, தண்ணீர். மாடித் தொட்டியில் ஆயிரம் லிட்டர் இருந்தது. அது தீரும் வரை யாருக்கும் அந்த நினைப்பே வரவில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. முற்றத்தில் கிணறு, கிணறு நிறையத் தண்ணீர், மேலே கான்கிரீட் சிலாப், ஒரு முழம் அகலத்தில் ஒரு துவாரம். அதில் மோட்டார்க் குழாயும் நானும்தான் எட்டிப் பார்க்க முடியும். தெருவில் பன்னிரண்டு வீட்டில் பதினொரு கிணறு இப்படித்தான். கடைசி வீட்டுப் பாட்டி மட்டும் பிள்ளைகள் எவ்வளவு சொல்லியும் கப்பியையும் கயிற்றையும் எடுக்க விடவில்லை. காலை ஐந்து மணிக்கே அங்கே வரிசை நிற்கும். பாட்டி திண்ணையில் உட்கார்ந்து, "பாத்து எறை, கயிறு தேஞ்சிரப் போவுது" என்று அதட்டிக்கொண்டே இருப்பாள். அவளுக்கு அதில் ஒரு சந்தோஷமும் இருந்தது என்று நினைக்கிறேன்.

அதனால் அந்தக் கப்பிக்காலில் கை வைக்காதே. கப்பிக்கு எண்ணெய் விட்டால் போதும், நன்றாக உருளுகிறது. பிள்ளைகள் வருகிற வீடு என்று பயமிருந்தால் கம்பி வலை போட்ட மூடி செய்துகொள், திறந்து மூடுகிற மாதிரி.

இன்வெர்ட்டர் பற்றிக் கேட்டிருந்தாய். வாங்கு, வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் கடைக்காரர் சொல்லும் கணக்கை நம்பாதே. 150 ஆம்பியர் மணி, 12 வோல்ட் பேட்டரி ஒன்றில் இருப்பது 1800 வாட் மணி நேரம். பழைய ஃபேன் இரண்டு, எல்இடி பல்பு நான்கு, வைஃபை பெட்டி எல்லாம் சேர்ந்து இருநூறு வாட் வரும். வழியில் வீணாவதையும் கழித்தால் ஆறு, ஏழு மணி நேரம் ஓடினால் பெரிது. பேட்டரி பழசாகிவிட்டால் அதுவும் இல்லை. இரண்டு ஃபேனையும் முப்பது வாட்டில் ஓடும் புது ரகமாக மாற்றினால் ஏறக்குறைய இரட்டிப்பு நேரம் கிடைக்கும். பெரிய பேட்டரியைவிட அது மலிவு. மோட்டார் மட்டும் அதில் ஓடாது. ஒரு குதிரைத்திறன் மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் இழுப்பை வீட்டு இன்வெர்ட்டர் தாங்காது.

கூரையில் சோலார் போட்டால் கவலையில்லை என்று மைனி சொன்னதாக எழுதியிருக்கிறாய். இங்கே பலர் ஏமாறுவது அதில்தான். மின்வாரிய லைனோடு சேர்த்துப் போடும் சோலார், லைனில் கரண்ட் போனதும் தானே நின்றுவிடும். கம்பத்தில் ஏறியிருப்பவருக்கு நம் வீட்டுக் கரண்ட் அடித்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். வெயில் கொளுத்தினாலும் உன் வீடு இருட்டுதான். பேட்டரியும் சேர்ந்த ஹைப்ரிட் வகை வேண்டும் என்று கேட்டு வாங்கு, விலை கூடத்தான் செய்யும். ஜெனரேட்டர் வாடகைக்கு எடுப்பதானால் மின்வாரிய லைனைத் துண்டித்து மாற்றிவிடும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் வீட்டு லைனில் கொடுக்காதே, அதற்கும் இதே காரணம். சாய்ப்புக்குள்ளோ அடைத்த வராந்தாவிலோ வைக்கவும் கூடாது. அந்தப் புகைக்கு வாசனை தெரியாமலே ஆளைக் கொல்லும் குணம் உண்டு.

அப்புறம் உன் பலாமரம். தெற்குக் கொம்பு ஓட்டின் மேல் சாய்ந்து நிற்கிறது. உன் தம்பி அது பொது மரம், கேட்காமல் தொடக் கூடாது என்கிறாராம். போனில் நீயே பேசிவிடு, பங்காளிப் பேச்சில் நான் தலையிட மாட்டேன். தென்னை இரண்டிலும் நெற்றும் காய்ந்த ஓலையும் இறக்கச் சொல்லியாகிவிட்டது. கிழக்கே நிற்கும் ரப்பரின் கொம்பு மின்கம்பியை உரசுகிறது. அதற்கு ஆள் ஏற்றாதே. மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987, நீயே அங்கிருந்து போன் போட்டுப் புகார் எழுதிக்கொள். கரண்டை நிறுத்திவிட்டு வந்து வெட்டட்டும்.

போனை நம்பியும் இருக்க முடியாது. ஒக்கி அன்று மத்தியானத்துக்குள் எங்கள் பக்கத்து டவர்கள் எல்லாம் செத்துவிட்டன. அவற்றுக்கும் பேட்டரிதானே. உள்ளூர்ச் செய்தி கேட்டதெல்லாம் பாட்டாவின் பழைய டிரான்சிஸ்டரில், நாகர்கோவில் வானொலி 101இல். நீ ஒன்று வாங்கிக்கொள், இரண்டு செல் போட்டால் ஓடும். இப்போது மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை சொல்கிறார்கள். சிவப்பு என்றால் ஒரு நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை வரலாம் என்று அர்த்தம். அன்றைக்கு மார்த்தாண்டம் போக வேண்டிய வேலையெல்லாம் ஒத்திவைத்துவிடு. உன் வீடு மேட்டில், ஆற்றுக்குப் பயமில்லை. ஆனால் பேச்சிப்பாறை அணையில் மறுகால் திறந்தால் கீழே எந்த ரோடு இருக்கும், எது போகும் என்று சொல்ல முடியாது.

மைனியின் இன்சுலினை மறந்துவிடப் போகிறேன். கரண்ட் போனால் ஃபிரிட்ஜைத் திறக்காதே, மூடியே இருந்தால் நாலு மணி நேரம் குளிர் நிற்கும். அதற்குப் பிறகு, அம்மாவுக்கு நான் செய்தது இதுதான்: ஒரு மண்சட்டியில் ஈர மணல், அதற்குள் சின்னக் கலயம், அதில் மருந்து, மேலே ஈரத்துணி. எடுத்துப் பயன்படுத்தத் தொடங்கிய மருந்து பொதுவாக நாலு வாரம் வரை வெளியில் தாங்கும், வெயிலும் சூடும் படாமல் இருந்தால் சரி. எதற்கும் அவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு வை. ஐஸோடு ஒட்ட வைத்தாலும் கெட்டுப்போகும்.

சாப்பாட்டுக்குக் கவலைப்படாதே. சம்பா அரிசி, சிறுபயறு, கொஞ்சம் கருவாடு, இரண்டாவது சிலிண்டர். மரச்சீனி உன் வீட்டுக்குப் பின்னாலேயே நிற்கிறது, பிடுங்கினால் கிழங்கு. அந்தப் பதினோரு நாளில் எங்கள் வீட்டில் கஞ்சியும் பயறும் சுட்ட கருவாடும்தான். மிக்ஸி இல்லாததால் அம்மிக்கல்லில் அரைத்த சம்மந்தித் துவையலை இன்றைக்கும் பேரன்கூடக் கேட்கிறான். அவன் அப்போது பிறக்கவே இல்லை, கதை கேட்டே ஆசைப்படுகிறான்.

இன்றைக்கும் மூன்று மணிக்கே மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்து இடி இறங்கிவிட்டது. டிவி வயரை உருவிவிட்டு வந்து மிச்சத்தை எழுதுகிறேன்.

உன் கிணற்றில் பழைய கயிற்றை இறக்கிப் பார்த்தேன். ஐப்பசித் தண்ணீர் மேலே நிற்கிறது, பன்னிரண்டு அடியில் வாளி நனைந்தது. கோடையில் இறங்குமே என்று நாற்பது அடிக் கயிறும் ஓர் இரும்பு வாளியும் வாங்கி உன் வீட்டுச் சாய்ப்பில் தொங்கவிட்டிருக்கிறேன். பிளாஸ்டிக் கயிறு கையைக் கிழிக்கும், அதனால் தென்னங்கயிறு. அறுநூற்றி இருபது ரூபாய் ஆயிற்று. வந்ததும் எண்ணிக் கொடுத்துவிடு, காலேஜ் கேன்டீன் பாக்கி மாதிரி நாற்பது வருஷம் இழுக்காதே.

மைனியைக் கேட்டதாகச் சொல்.

உன்
பழைய பெஞ்சுக்காரன்
திருவட்டாறு