ஐம்பத்தெட்டு உருப்படிக்கு நன்றி

மதுரையில் எங்கள் ஏழு நாள் நாடக விழாவில் ஸ்பெஷல் நாடகம், தோல்பாவைக்கூத்து, தெருக்கூத்து பார்க்க வந்தவர்களுக்கும், வரத் தவறியவர்களுக்கும், உடன் நின்று நடத்திக்கொடுத்தவர்களுக்கும் வணக்கம்.

மூன்றாம் நாள் இரவு மழையில் என்ன ஆனது என்பது ஊருக்கே தெரியும். வாட்ஸாப்பில் சுற்றிய காணொளிகளைப் பார்த்தவர்களுக்கு எங்களைவிடத் தெளிவாகவே தெரியும். அரங்கத்துக்குள் வெள்ளம் புகுந்து, உடுப்புப் பெட்டிகளும் வயரிங்கும் நனைந்தன. அதற்கு மேல் அதைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. மறுநாள் இரவு ஏழு மணிக்குச் சொன்னபடி திரை ஏறியது எப்படி என்று பலர் கேட்கிறீர்கள். அதற்குக் காரணமானவர்களுக்குக் கடன் தீர்க்கவே இந்த மடல். இன்னும் சில உடுப்புகள் கொடியில் காய்ந்துகொண்டிருக்கின்றன. ஆறப்போட்டு எழுதினால் பாதி மறந்துபோகும்.

முதல் நன்றி, அரங்கத்துக்குப் பின்தெருவில் வேப்பமரத்தடியில் வண்டி போட்டிருக்கும் இஸ்திரி அண்ணனுக்கு. பெயர் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே அண்ணன் என்றே எழுதுகிறோம்.

விடிந்ததும் நனைந்த உடுப்புகளை அப்படியே எடுத்துக் கொடியில் போடத் தொடங்கியிருந்தோம். அது தப்பு என்று சொல்ல அண்ணன்தான் வந்தார். "தம்பி, அலசாமக் காயப்போட்டா மண்ணு உள்ள உக்காந்துக்கிரும். அதுக்கு மேல பெட்டியப் போட்டா கறை சாகுற வரைக்கும் போகாது." உள்ளே வந்திருந்தது வெறும் மழைத்தண்ணீர் இல்லை, சாக்கடையும் கலந்தது. எல்லாம் கீழே இறங்கின. சிவப்பும் அரக்கும் ஒரு வாளி, பச்சையும் நீலமும் ஒரு வாளி, வெள்ளையும் மஞ்சளும் ஒரு வாளி. ஒவ்வொன்றுக்கும் மூன்று தண்ணீர். யாரோ கல் உப்பு வாங்கிவர ஓடினார்கள். உப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்று பாட்டி காலத்திலிருந்து சொல்கிறோம். ஆனால் ஓடத் தொடங்கிய சாயத்தை உப்பு பிடித்து நிறுத்தாது. பச்சைத் தண்ணீரும், ஈரத்தோடு குவித்து வைக்காத வேகமும்தான் துணியைக் காப்பாற்றும். குவித்து வைத்த பத்து நிமிடத்தில் ராஜபார்ட்டின் (நாயகன் வேடம்) சிவப்பு ஸ்திரிபார்ட்டின் (நாயகி வேடம்) புடவைக்குப் போய்விடும்.

வெல்வெட்டை முறுக்கிப் பிழியக் கூடாது. பிழிந்தால் மேல்மயிர் படுத்துவிடும், எழுப்புவது பெரும்பாடு. பழைய துண்டின் மேல் விரித்து, பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி, மேலே காலால் மிதித்தால் தண்ணீர் துண்டுக்குப் போய்விடும். பிறகு உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி, நேர்வெயில் படாமல் காற்றில் போட வேண்டும். பக்கத்து வீட்டு அம்மா மொட்டைமாடியைத் திறந்துவிட்டதும், தன் வடகம் காயும் இடத்தையே ஒதுக்கிக் கொடுத்ததும் இதற்காகத்தான்.

அரங்கத்தில் அன்று மின்சாரம் இல்லை. எங்களிடம் இருந்த இரண்டு மின்சார இஸ்திரிப் பெட்டிகளும் செங்கல்லுக்குச் சமம். அண்ணனிடம் இருப்பது கொட்டாங்கச்சிக் கரி போடும் பித்தளைப் பெட்டி. கையில் தூக்கினால் ஆறேழு கிலோ இருக்கும். காலை ஒன்பதரைக்குக் கரி மூட்டினார். முதலில் ஒரு கேள்வி கேட்டார்: "மொதல்ல மேடை ஏறுறது யாரு?" உடுப்புகளை நாங்கள் குழு வாரியாக அடுக்கியிருந்தோம். அவர் அதைக் கலைத்து, மேடைக்கு வரும் வரிசையில் அடுக்கச் சொன்னார். அன்றைய வள்ளி திருமணத்துக்கு முதலில் பபூன் என்னும் கோமாளி, அடுத்து அவரோடு ஆடும் டான்ஸ், பிறகு வள்ளி, தோழி, நாரதர், வேடன், கிழவர். கடைசி உருப்படி ஏழு மணிக்கு ஈரமாக இருந்தாலும் பரவாயில்லை, அது மேடை ஏற இரண்டு மணி நேரம் இருக்கிறது என்பது அவர் கணக்கு. நாடகமே நடத்தாத ஒருவர் எங்கள் மேடை நிர்வாகத்தைச் சரிசெய்தார்.

சூட்டைப் பார்க்க அவரிடம் இருந்தது ஒரு கிண்ணம் தண்ணீரும் விரல் நுனியும். பெட்டியின் அடியில் ஒரு துளி தெறிப்பார். துளி உடனே 'சுர்'ரென்று மறைந்தால் பருத்திக்குச் சரியான சூடு. மறையாமல் முத்தாக உருண்டு ஓடினால் சூடு எல்லை மீறிவிட்டது. மூடியைத் திறந்து ஒரு கரண்டிக் கரியை எடுத்துவிட்டு ஆறவிட வேண்டும். துளி நின்று மெதுவாகக் கொதித்தால் பாலியெஸ்டருக்கு அதுதான் பதம். இந்தக் கடைசிப் பதம்தான் அன்றைக்குப் பெரிய வேலை செய்தது. மேடை உடுப்பில் மின்னுவதில் பெரும்பகுதி உண்மையான ஜரிகை இல்லை, உலோகப் பூச்சுப் போட்ட பாலியெஸ்டர் இழை. பாலியெஸ்டர் 250 பாகையைத் தாண்டித்தான் உருகும். ஆனால் அதற்கு வெகு முன்பே சுருங்கி, ஓரம் முறுக்கிக்கொள்ளும். ஜிகினா வட்டுகள் இன்னும் மோசம், சூடு பட்டால் கிண்ணம்போல் குழிந்துவிடும். ஆகவே ஜரிகையும் ஜிகினாவும் இருக்கும் இடத்தில் உள்பக்கம்தான் பெட்டி, நடுவே ஈரம் பிழிந்த வேட்டித்துணி. எந்த உடுப்பானாலும் முதலில் உள்மடிப்பில் ஒரு விரற்கடை தேய்த்துப் பார்த்த பிறகுதான் வெளியே.

வெல்வெட்டுக்கு வேறு முறை. பலகைமேல் கம்பளியை நான்காக மடித்துப் போட்டு, அதன்மேல் பழைய வெல்வெட் துண்டு ஒன்றை மயிர்ப்பக்கம் மேலே இருக்க விரித்தார். ராஜபார்ட்டின் சட்டையை மயிர்ப்பக்கம் கீழே இருக்க அதன்மேல் கவிழ்த்தார். மயிரும் மயிரும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நிற்பதால் எதுவும் நசுங்காது. பெட்டியை இழுக்கவில்லை, ஈரத்துணிக்கு மேல் தொட்டுத் தொட்டு எடுத்தார். ஆவி கீழே இறங்கி, படுத்திருந்த மயிரை எழுப்பியது. சூடு ஆறும்வரை யாரும் தொடக் கூடாது. ஒரு சட்டைக்கு இருபது நிமிடம் பிடித்தது.

இடுப்புப் பட்டையிலும் கிரீடத்தின் உட்புறத்திலும் இருக்கும் பக்ரம் என்னும் விறைப்பான கஞ்சித்துணி, கஞ்சி கரைந்து அப்பளம்போல் தொங்கியது. அதை முழுக்கக் காயவிடாமல் அரை ஈரத்திலேயே தேய்த்து, மேலே பலகையை வைத்து அழுத்தினால் மீதமுள்ள கஞ்சி மறுபடி இறுகும். முழு விறைப்பு வராது, ஓர் இரவுக்குத் தாங்கும். தாங்கியது. கொக்கிகளைத்தான் யாரும் கவனிக்கவில்லை. இரும்புக் கொக்கி ஒரே ராத்திரியில் துருவேறி, துணியில் காவிப் புள்ளி வைத்துவிட்டது. இனி பித்தளை அழுத்துப் பொத்தான் தவிர வேறெதுவும் தைப்பதில்லை.

தோல்பாவைகளையும் யாரோ பதற்றத்தில் வண்டிக்குக் கொண்டுபோனார்கள். அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டு, "இது என் வேலை இல்ல" என்றார். எவ்வளவு பெரிய உதவி அது! ஈரமான பச்சைத்தோல் அறுபது பாகைச் சூட்டிலேயே சுருங்கத் தொடங்கிவிடும், பிறகு எந்த வித்தையாலும் விரியாது. ஒரே இழுப்பில் ராமனும் சீதையும் உள்ளங்கை அளவுக்கு ஆகியிருப்பார்கள். பாவைகளைப் பருத்தித் துணிக்கு இடையே வைத்து, இரண்டு பலகைக்கு நடுவில் பாரம் ஏற்றி, மணிக்கொரு தரம் துணியை மாற்றி நிழலிலேயே காயவைத்தார்கள் பாவைக்காரர்கள். தெருக்கூத்துக் கட்டைகளுக்கும் (மரத்தில் செய்து கண்ணாடிச் சில்லு ஒட்டிய அணிகள்) வெயில் ஆகாது. கல்யாணமுருங்கை மரம் லேசானது, அவசரமாக உலர்ந்தால் வெடித்துவிடும். கண்ணாடிச் சில்லுகளை ஒட்டிய வெள்ளைப் பசை தண்ணீரில் பால்போல் வெளுத்து இளகியிருந்தது; அது மறுபடி இறுகும்வரை சில்லுகளைத் தொடாமல் படுக்கவைத்ததால் மார்பதக்கத்தில் நாலைந்து சில்லுகளே உதிர்ந்தன.

மாலை ஐந்தே முக்காலுக்குக் கடைசி உருப்படி முடிந்தது. மொத்தம் ஐம்பத்தெட்டு. இடையில் ஒரே ஒரு தடவை எங்கள் துணியை ஒதுக்கிவைத்தார்: இரண்டு பள்ளிச் சீருடைகள், ஒரு சிறுமி காத்துக்கொண்டு நின்றாள். கூலி வேண்டாம் என்று சொல்வார் என எதிர்பார்த்தோம். அப்படியெல்லாம் சொல்லவில்லை. உருப்படிக்கு வழக்கமான கூலி, வெல்வெட்டுக்கு மட்டும் இரண்டு பங்கு, ஏனென்றால் கரி இரண்டு பங்கு. அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கவில்லை. எங்களுக்கு இந்தக் கணக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஸ்பெஷல் நாடகம் தெரியாதவர்களுக்கு, ஒரு சட்டைக்கு ஏன் இவ்வளவு பாடு என்று தோன்றலாம். அந்த மேடையில் கம்பெனி என்று ஒன்று கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரிபார்ட் ஓர் ஊர், ஆர்மோனியப் பின்பாட்டுக்காரர் இன்னோர் ஊர். ஒத்திகை இல்லாமல் அன்றிரவு மேடையில்தான் சந்திப்பார்கள். நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்த பாட்டும் வசனமும் எல்லோருக்கும் பொது. உடுப்பு மட்டும் அவரவர் சொந்தம். சுவாமிகள் 1918இல் இதே மதுரையில் சிறுவர்களை வைத்துத் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். அது கம்பெனி, உடுப்பும் சோறும் கம்பெனி பொறுப்பு. இன்றைய நடிகருக்கு டிரங்குப் பெட்டிதான் கம்பெனி. பெட்டி நனைந்தால் அன்றைய நாடகம் மட்டுமா போகும்? திருவிழாக் காலத்தில் அடுத்தடுத்த ஊர்களுக்கு வாங்கிய அட்வான்சும் சேர்ந்து ஆடிப்போகும்.

வெளிநாட்டு ஊர்களில் நாடக வாரம் என்றால் இரவு பத்து மணிக்குமேல் காபரே இருக்குமாம். நமக்கு அந்த உறவுமுறையில் வருவது பபூன்–டான்ஸ். ஏழாம் நாள் முழுக்க அதற்கே கொடுத்ததைச் சிலர் குறை சொன்னார்கள். அந்த இரட்டை அர்த்தப் பேச்சுக்கும் எசப்பாட்டுக்கும் இடையில், கூட்டம் எங்கே சிரிக்கும் என்று அரை நொடிக்கு முன்பே தெரிந்து ஆல்ரவுண்டுக்காரர் (தாள வாத்தியம் வாசிப்பவர்) அடிக்கும் அடி இருக்கிறதே, அதை எந்தப் பட்டறையிலும் சொல்லித்தர முடியாது. அன்றைக்கு டான்ஸ் உடுத்திய பாவாடையில் இருந்த ஜிகினா முழுதாக மின்னியதற்கும் அந்த வேட்டித்துணிதான் காரணம்.

அடுத்து மின்பணியாளருக்கு. எங்களுக்கு முடியாது என்று சொன்னதற்காக நன்றி. மதியம் இரண்டு மணிக்கு, வயரில் மின்கசிவுக்கு இடம் இருக்கிறதா என்று பார்க்கும் மெகர் கருவியை வைத்து ஒவ்வொரு சுற்றாக அளந்தார். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டிய எந்தச் சுற்றுக்கும் மின்சாரம் விட மறுத்துவிட்டார். சுவர் வெளியே காய்ந்து தெரியும். வயர் போகும் குழாய்க்குள் தண்ணீர் நிற்கும். கெஞ்சினோம், கோபப்பட்டோம், அவர் அசையவில்லை. அரங்கத்தின் வயரிங்கை மொத்தமாக விட்டுவிட்டு, வெளியே நிறுத்திய 15 கேவிஏ ஜெனரேட்டரிலிருந்து புது கேபிள் இழுத்து, 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழுந்து மின்சாரத்தை நிறுத்தும் ஆர்சிசிபி என்னும் காப்பு சுவிட்சைப் போட்டு, மேடைக்கு மட்டும் கொடுத்தார். ஆயிரம் வாட் ஹாலஜன் பார் (PAR) மேடைவிளக்கு மூன்று எரிந்தாலே மூன்று கிலோவாட். அதே மூன்று கிலோவாட்டில் நூற்றைம்பது வாட் எல்இடி பார் இருபது எரியும். மைக்செட்டுக்கும் மிச்சம் வேண்டுமே! ஆகவே ஹாலஜன் எதுவும் ஏறவில்லை. வள்ளியின் முகத்தில் அந்தப் பழைய மஞ்சள் வெதுவெதுப்பு இல்லை என்று சொன்னவர்களுக்கு விளக்கம் இதுதான். குறை சரியானது. முத்துவெள்ளை பூசிய முகம் எல்இடியில் சுண்ணாம்புபோல் தெரியும். அரை அம்பர் நிறத்தாளை முன்விளக்குகளுக்கு ஒட்டியிருக்க வேண்டும்.

மைக்செட் கடைக்காரர், நாற்காலிகளைக் கழுவி அடுக்கிய கல்லூரிப் பிள்ளைகள், வாடகை கேட்காமல் டிரங்குகளை ஏற்றிவந்த லோடு ஆட்டோ ஓட்டுநர்கள், வெள்ளம் இறைத்த மாநகராட்சித் தொழிலாளர்கள், விளக்குத்தூண் பக்கமிருந்து லைனிங் துணியைக் கடனுக்குக் கொடுத்தனுப்பிய ஜவுளிக்கடை, கணக்கே எழுதாமல் நாள் முழுக்க டீ அனுப்பிய கடை (கணக்கை எழுதி அனுப்புங்கள், தயவுசெய்து), நுழைவுச் சீட்டுப் பணத்தைத் திரும்ப வாங்க மறுத்த பார்வையாளர்கள்: எல்லோருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்குச் சில முடிவுகள் எடுத்திருக்கிறோம். டிரங்குகள் தரையில் இருக்காது, இரண்டடி உயர பெஞ்சின் மேல்தான் இருக்கும். மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்துவதோடு கதை முடியாது. தாளின் பள்ளத்தில் தேங்கும் தண்ணீர் ஒரே ஓட்டையில் முழுவதும் இறங்கும், ஆகவே தாளைச் சரிவாகக் கட்ட வேண்டும். ஒவ்வொரு பெட்டியிலும் உடுப்புப் பட்டியல் மூடியின் உட்புறம் ஒட்டப்படும். ஒளி, ஒலி என்று பணம் ஒதுக்கும்போது இஸ்திரிக்கும் ஒரு வரி உண்டு, ஏழு நாளைக்கும். ஸ்பெஷல் நாடக நோட்டீசில் கலைஞர்களின் படமும் ஊரும் போடுவது வழக்கம். அண்ணன் படத்தையும் போடலாமா என்று கேட்டோம். "என்னைய வேணாம், வண்டியப் போடுங்க" என்றார். போடுவோம்.

ஒற்றைக் கால் சலங்கை ஒன்று, மூன்று மணி உதிர்ந்தது, உரியவர் வராமல் எங்களிடம் இருக்கிறது. வெள்ளிப் பேப்பர் ஒட்டிய வேல் ஒன்றும் இருக்கிறது. வந்து வாங்கிக்கொள்ளுங்கள். அண்ணனின் கம்பளியில் ராஜபார்ட்டின் சிவப்பு நன்றாக ஏறிவிட்டதால் புதுக் கம்பளி வாங்கிக் கொடுத்தோம். வாங்கி வண்டிக்குக் கீழே வைத்திருக்கிறார். விரிப்பது இன்னும் பழையதைத்தான். புதுசு நூல் உதிர்க்கிறதாம், நாலு தடவை துவைத்த பிறகுதான் வெள்ளைச் சட்டைக்கு ஆகும் என்கிறார்.