கேரவன் கிச்சன் மேடை விஷயமா நம்ம கஸ்டமருங்களுக்கு ஒரு மடல்

அண்ணே, அக்கா, சார், மேடம் எல்லாருக்கும் வணக்கம். மூலக்கடை பட்டறையிலேர்ந்து எழுதுறேன்.

ரேட்டு விஷயமா ஒரு மெசேஜ் போடணும்னு ரொம்ப நாளா தள்ளிப் போட்டுட்டே இருந்தேன், அதுக்குள்ள அந்த வீடியோ வந்துடுச்சு. உங்கள்ல பாதி பேருக்கு யாராவது அனுப்பியிருப்பாங்க, மீதி பேரு "என்னப்பா இது"ன்னு எனக்கே அனுப்பிட்டீங்க. ஒரு பழைய டிரெய்லர், உள்ள நாம போட்ட கிச்சன் மேடை, சிங்க் ஓரமா மைக்கா, அதாவது பிளை மேல ஒட்டுற லேமினேட் ஷீட்டு, தூக்கிட்டு நிக்குது, பின்னாடி ஒரு குரல், "கமர்ஷியல் பிளைய போட்டுட்டு மரைன்னு பில்லு போட்டிருக்கான், இந்தக் காசுக்கு கிரானைட்டே போட்டிருக்கலாம், மைக்கா ஒட்டி ஏமாத்திட்டான்"னு.

ரேட்டு ஜாஸ்தின்னு சொல்லியிருந்தா சிரிச்சுட்டுப் போயிருப்பேன், லேட் பண்றான்னு சொன்னாகூட சரி, யாரு பண்ணல. ஆனா பிளைய மாத்திட்டான்னு சொன்னா அது வேற. அதனால இத கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுத்துக்கங்க.

வீடியோ வந்த அன்னிக்கே டிரெய்லர் நிக்கிற எடத்துக்குப் போயி, மேடைக்கு அடியில படுத்து டார்ச் அடிச்சுப் பாத்தேன். பிளை அடிப்பக்கம் ஐஎஸ்ஐ முத்திரை, ஐஎஸ் 710ன்னு அச்சு, அப்படியே இருக்கு. போட்டோ வெச்சிருக்கேன், கேக்குறவங்களுக்கு அனுப்புறேன். 710ன்னா மரைன், அதாவது தண்ணி தாங்குற பிளை, 303ன்னா கமர்ஷியல், சாதாரண பிளை, அவ்ளோதான், இனிமே யாருகிட்ட வேலை குடுத்தாலும் ஒட்டுறதுக்கு முன்னாடி அந்த நம்பர பாத்துக்கங்க. சிங்குக்குப் பக்கத்துல புதுசா ஒரு ஓட்டை இருந்துச்சு, நாம போட்டது இல்ல. வாட்டர் ஃபில்டர் பைப்புக்காக அப்புறமா யாரோ வட்டமா வெட்டுற ஹோல்சா பிளேடு போட்டுத் தொளைச்சிருக்காங்க, தொளைச்ச வெளிம்புல ஒரு சொட்டு சிலிக்கான் இல்ல, பச்ச மரம் தெரியுது, விரல விட்டா ஈரம். அந்த ஓட்டையிலேர்ந்து ஒரு சாண் தூரத்துக்குத்தான் உப்பியிருக்கு, மீதி மேடை தட்டிப் பாத்தா கணீர்னு இருக்கு.

மரைன்னா தண்ணியிலயே கெடந்தாலும் ஒண்ணும் ஆகாதுன்னு நிறைய பேரு நெனக்கிறாங்க. 72 மணி நேரம் கொதிக்கிற தண்ணில போட்டாலும் ஒட்டு பிரியக் கூடாதுங்கறதுதான் அதுக்கு டெஸ்ட்டு. ஒட்டு பிரியாது, ஆனா மரம் மரம்தானே, வெட்டின வாய் வழியா தண்ணி குடிச்சா கொஞ்சம் உப்பத்தான் செய்யும், உப்புனா மேல இருக்குற மைக்கா தூக்கத்தான் செய்யும். இதுவே மரத்தூள அமுக்கிச் செய்யுற பார்ட்டிகல் போர்டா இருந்திருந்தா ஊறுன ரஸ்க் மாதிரி கையோட வந்திருக்கும். இதெல்லாம் அந்த வீடியோ போட்ட சார்கிட்ட நேர்லயே சொல்லிட்டேன், அவரும் கேட்டுக்கிட்டாரு, ஆனா வீடியோ போன வேகத்துல இந்தப் பேச்சு போகாதில்ல.

அடுத்தது கிரானைட். எட்டடிக்கு ரெண்டடி மேடைன்னு வெச்சுக்கங்க. 20 எம்எம் கிரானைட் போட்டா கல்லு மட்டுமே 80 கிலோ கிட்ட வரும், அதத் தாங்குறதுக்கு கீழ ஃப்ரேம் தனி. அதே அளவுக்கு மரைன் பிளை, மைக்கா எல்லாம் சேத்து 20 கிலோ சொச்சம்தான். டிரெய்லர்ல கிச்சன் எப்பவும் ஒரு சைடுதான் இருக்கும், அத்தன வெயிட்டும் அந்த ஒரு பக்க டயர் மேல ஏறும், இழுக்குற வண்டிக்கும் அவஸ்தை. அதோட கல்லு வளையாது, வண்டி பாடி வளையும். கண்டெய்னர் லாரி போட்டு ஒழவடிச்ச நம்ம மணலி ரோட்டுல ஒரு தடவ போயிட்டு வாங்க, சிங்குக்கு முன்னாடி பின்னாடி மூணு இஞ்ச் பட்டையாத்தான் கல்லு நிக்கும், மொதல்ல அந்த மூலையிலதான் விரிசல் விடும். வீட்டுக்கு கிரானைட் போடுங்க, நானே ஆள் சொல்றேன், எங்க வீட்டுலயே கிரானைட்தான். ஓடுற வண்டிக்கு வேணாம்னு சொல்றதால எனக்கு நஷ்டம்தானே தவிர லாபம் இல்ல.

மைக்கான்னா மட்டமான ஐட்டம்னு ஒரு நெனப்பு இருக்கு பாருங்க, அதுதான் எனக்கு ஆகாது. அமெரிக்காவுல 1950, 60கள்ல வந்த பழைய டிரெய்லருங்கள்ல பெரும்பாலும் மேடைக்கு லேமினேட்தான், ஓரத்துல பளபளன்னு ஒரு மெட்டல் பட்டை அடிச்சிருப்பான். ஃபார்மைக்கா கம்பெனி 1913லயே ஆரம்பிச்சது, நேத்து வந்த சரக்கு இல்ல. நம்ம ஊர்லயே 1955லேர்ந்து ஐசிஎஃப்ல ரயில் பொட்டி செய்யுறாங்க, எங்கப்பா அங்க ஃபர்னிஷிங்ல இருந்தவரு. எத்தன வருஷம் குலுங்கி ஓடுற பொட்டிக்குள்ள லேமினேட் ஷீட்டுதான் அடிச்சிருக்கான், யாரும் ரயில்வே ஏமாத்திட்டான்னு வீடியோ போடல.

பழைய மேடைய மாத்தாமயே புதுசாக்கித் தர முடியுமான்னு நிறைய பேரு கேக்குறீங்க. முடியும், ஆனா கீழ பிளை கெட்டியா இருந்தாத்தான். ஸ்க்ரூடிரைவர் பின்பக்கத்தால நெடுக தட்டிட்டே வாங்க, டொப்புன்னு சத்தம் வந்தா அங்க காத்து, சிங்க் ஓரம் அழுத்துனா உள்ள போச்சுன்னா அது மாத்துற கேஸு. கெட்டியா இருந்தா பழைய மைக்காவ உப்புத்தாள் போட்டு நல்லா சொரசொரப்பாக்கி மேலயே புது மைக்கா ஒட்டலாம், இல்ல ஹீட் கன் காட்டி பழசப் பொறுமையா உரிச்சுட்டு ஒட்டலாம். பழைய டிரெய்லர்ல செவுரு எதுவும் நேரா இருக்காது, அதனால நாங்க டேப் புடிச்சு அளவெடுத்துட்டு வந்து வெட்டுறதில்ல, அட்டையில அச்சு வெட்டி அங்கயே பொருத்திப் பாத்துட்டுத்தான் பிளைய தொடுவோம். இதுக்கு ஒரு நாள் போகுது, அது ஏன்னு இப்ப புரியும்னு நெனக்கிறேன்.

மேடை மேல ஊத்துற பளபளப்பு பூச்சு, அதான் எப்பாக்சி கோட்டிங், கேக்குறவங்களுக்கு மட்டும் ஒரு சங்கடமான சேதி. அந்த வேலைய பாத்துட்டிருந்த நம்ம பாலிஷ் அண்ணன் துபாய் கெளம்பிட்டாரு, நல்ல சம்பளம், பொண்ணு கல்யாணம் வேற இருக்கு, நான் எப்படித் தடுக்கறது. அவரு கை யாருக்கும் வராது. இப்ப ஒரு தம்பி கத்துக்கிட்டிருக்கான், ஓரம் வழியாம ஊத்தறதுக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும். அதோட ஐப்பசி கார்த்திகை அடைமழையில எப்பாக்சி ஊத்தறதா இல்ல, காத்துல ஈரம் இருந்தா மேல பால் மாதிரி படிஞ்சு மங்கிடும், அப்புறம் அதுக்கு ஒரு வீடியோ வரும்.

மரைன் பிளை, கம், மைக்கா எல்லாமே ஏறியிருக்குன்னு உங்களுக்கே தெரியும், சைடன்ஹாம்ஸ் ரோட்டுல போன வாரம் சொன்ன வெல இந்த வாரம் இல்ல, பட்டறை வாடகையும் ஏத்திட்டாங்க. அதனால அடுத்த மாசத்துலேர்ந்து சதுர அடிக்கு கொஞ்சம் கூடும், அட்வான்ஸ் பாதிக்கு பதிலா முக்கால், வாரண்டி ஆறு மாசம்னு புது பில்லு பின்னாடி அடிச்சிருக்கு, படிச்சுக்கங்க.

இத்தனைக்கும் நடுவுல கூடவே நிக்கிறவங்களுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. 2020ல ஷூட்டிங் எல்லாம் நின்னு ஒரு கேரவன்கூட வராம கெடந்தப்ப, வேலையே இல்லாம வீட்டு அலமாரிய கழட்டிட்டு வந்து மைக்கா மாத்துன்னு குடுத்தீங்க சில பேரு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல பட்டறைக்குள்ள முழங்கால் தண்ணி, நான் கூப்புடாமயே ஃபுட் டிரக் அண்ணனுங்க ரெண்டு பேரு வந்து ஷீட்ட எல்லாம் தலைக்கு மேல தூக்கிக் காப்பாத்திக் குடுத்தாங்க, அதுல ஒருத்தரு செருப்பு தண்ணியோட போயிடுச்சு, இன்னிக்கு வரைக்கும் வாங்கித் தரல்லன்னு திட்டுறாரு. அந்த வீடியோவுக்குக் கீழ "நாலு வருஷமா ஓடுது, ஒண்ணும் ஆகல"ன்னு எழுதுனவங்க எல்லாரையும் பாத்தேன். ரொம்ப நன்றி. காசு குடுத்து விளம்பரம் பண்ணாலும் அது கெடைக்காது.

ஒரே ஒரு வேண்டுகோள், மேடையில ஓட்டை போடணும்னா பிளம்பர விட்டுட்டு எனக்கு ஒரு போன் போடுங்க, நம்ம பையன் வந்து போட்டு, வெட்டு வாய்க்கு சிலிக்கான் அடிச்சுட்டு வருவான், அதுக்கு காசு வேணாம். குக்கர அடுப்புலேர்ந்து எறக்குனா பிரிமணை மேல வைங்க, நேரா மைக்கா மேல வேணாம். சிங்க் ஓர சிலிக்கான் கறுத்து உரிய ஆரம்பிச்சா உடனே கொண்டாந்துடுங்க, அரை மணி நேர வேலைதான். மேம்பாலத்துக்குக் கீழ காலையில லாரி நிக்கும், டிரெய்லர் திரும்பாது, பதினோரு மணிக்கு மேல வாங்க. ஞாயித்துக்கிழமை லீவு.

இப்படிக்கு,
மூலக்கடை பட்டறை ஓனர்