தபாலதிபர் ஐயாவுக்கும் கைகொடுத்த எல்லாருக்கும்

போதகர் ஐயா திரும்பவும் பிரசங்கம் செய்யத் தொடங்கிவிட்டார். ஓயாத போன் அழைப்புகளாலும் ஊழியப் பாரத்தாலும் களைத்துப்போய் அவர் கொஞ்சக் காலம் ஓய்வில் இருந்தது ஊருக்கே தெரியும். அதைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. சபை நிர்வாகத்தில் இருக்கிற நாங்கள் நன்றி சொல்ல மட்டும் எழுதுகிறோம்.

முதல் நன்றி பக்கத்து வளவு தபாலதிபர் ஐயாவுக்கு. நீங்கள் எங்கள் சபையார் அல்ல. வெள்ளிக்கிழமை தவறாமல் நல்லூர்க் கந்தன் கோயிலுக்குப் போகிறவர். “போதகற்ற போனை என்னட்டைத் தாங்கோ, நான் பென்சன்காரன், சும்மாதானே இருக்கிறன்” என்று நீங்கள் மதிலுக்கு மேலால் சொன்ன யோசனை எங்களில் ஒருவருக்கும் வரவில்லை.

இதே நிலையில் இருக்கிற வேறு சபைகளுக்கும் உதவட்டும் என்று நீங்கள் செய்ததை விபரமாக எழுதுகிறோம். லீவு கொடுத்தால் களைப்பு ஆறிவிடும் என்று நினைக்கிறார்கள். போனும் கூடப் போனால் அது லீவே இல்லை. போனை நிற்பாட்டினால் சனம் கேற்றடிக்கு வரும். போதகரம்மா எடுத்தால் பாரம் ஆள் மாறுமே தவிர இறங்காது. நேரமும் வாயடக்கமும் உள்ள வெளியாள் ஒருவர்தான் இதற்குச் சரி.

சிம்மைக் கழற்றி ஒரு பொத்தான் போனில் போட்டீர்கள். இங்கேதான் பலர் பிழைவிடுவார்கள்: சிம் போனாலும் பழைய போனில் வட்ஸ்அப் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே குழுக்களின் அட்மின் பொறுப்பை இரண்டு பேருக்கு மாற்றி, போதகர் ஐயா எல்லாவற்றிலிருந்தும் விலகி, கடைசியில் அந்தச் செயலியையே அழிக்கவேண்டும். அவருக்குக் கொடுத்த புது நம்பர் வீட்டாருக்கும் டொக்டருக்கும் ஒரு மூப்பருக்கும் மட்டும்தான்.

பிறகு அந்த சீ.ஆர். கொப்பி, அதாவது தடித்த மட்டை போட்ட பெரிய கொப்பி. நேரம், பெயர், விஷயம், யாரிடம் ஒப்படைத்தது என்று நாலு நிரல். சாவும் ஆஸ்பத்திரி அவசரமும் சிவப்புப் பேனையில். அவை உடனே அந்தக் கிழமைப் பொறுப்புப் போதகருக்குப் போகும். ஞானஸ்நானப் பத்திரம், பள்ளிக்கூடக் கடிதம் போன்றவை நீலத்தில், செயலாளர் பார்ப்பார். மிச்சமெல்லாம் பென்சிலில். பென்சிலில் எழுதியவற்றில் பெரும்பகுதி ஒருவரும் கைவைக்காமலே தீர்ந்துபோனதைப் பார்த்து நாங்கள் வாயடைத்துப்போனோம். அழுதுகொண்டு எடுத்தவர்களுக்கு நீங்கள் புத்திமதி சொல்லவில்லை. உளவளத்துணைப் பயிற்சி எடுத்த எங்கள் இரண்டு அக்காமாரின் நம்பரைக் கொடுத்தீர்கள்.

வெளிநாட்டு அழைப்புகளை நீங்கள் பிடித்த விதம் தனி. கோடையில் லண்டனில் பின்னேரம் 7 மணி என்றால் யாழ்ப்பாணத்தில் இரவு 11.30. ரொறன்ரோவில் அதே 7 மணி இங்கே விடிய 4.30. தாய் தகப்பனை இங்கே விட்டுவிட்டுப் போன பிள்ளைகள் வேலை முடிந்துவந்து கவலையோடு எடுப்பார்கள். குறை சொல்ல முடியாது. ஆனால் இரண்டுக்கும் நடுவில் நித்திரைக்கு மிஞ்சுவது ஐந்தே மணித்தியாலம். “எங்கட நேரம் பின்னேரம் 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையில எடுங்கோ” என்று எல்லாருக்கும் ஒரே வசனத்தைச் சொன்னீர்கள். லண்டனில் அது மதியச் சாப்பாட்டு நேரம், ரொறன்ரோவில் காலை. ஒருவரும் கோபிக்கவில்லை. அந்த நித்திரை திரும்பி வந்த பிறகுதான் மற்ற எல்லாம் வேலை செய்யத் தொடங்கின.

அறிவிப்பை எப்படி எழுதுவது என்று சொல்லித்தந்த ரீச்சருக்கும் நன்றி. “ஐயாவுக்குச் சுகமில்லை” என்று வாசித்திருந்தால் அடுத்தநாளே நெஸ்டமோல்ட் பால்மாவும் பிஸ்கற்றுமாக வீடு நிறைந்திருக்கும். “ஓய்வில் இருக்கிறார், பார்க்க வரவேண்டாம், இன்ன விஷயத்துக்கு இன்னாரை அழையுங்கள்” என்று வாசித்தோம்.

டொக்டர் முதலில் இரத்தம் எடுத்து தைரொயிட், சீனி, ஹீமோகுளோபின் மூன்றையும் பார்த்தார். அவற்றில் கோளாறு இருந்தாலும் இதே களைப்புத்தான் தெரியுமாம். வேலைப்பாரத்தால் வருகிற இந்தச் சோர்வை (ஆங்கிலத்தில் burnout) உலக சுகாதார நிறுவனம் 2019இல் தனி நோயாக அல்ல, வேலையோடு வருகிற நிலையாகவே வகைப்படுத்தியது. ஆறாத களைப்பு, வேலையில் வெறுப்பும் விலகலும், என்னால் ஒன்றும் ஆகவில்லை என்ற எண்ணம் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். ஊழியத்தில் இரண்டாவதைத்தான் பிழையாக வாசிக்கிறோம். செத்தவீட்டில் நின்றும் மனம் அசையாத போதகரை விசுவாசம் தணிந்தவர் என்று சொல்லி, அவருக்காக உபவாசக் கூட்டம் வைத்து, அதையும் அவரையே நடத்தச் சொல்வோம்! ஓய்விலும் இருள் விலகாமல் இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தாலோ, சாகவேண்டும் என்ற நினைப்பு வந்தாலோ அது வேறு விஷயம். காத்திருக்காமல் வைத்தியரிடம் போகவேண்டும். 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணையும் டொக்டர் எழுதித்தந்தார்.

திருவிருந்துக்கு முறைவைத்து வந்த அயல் சபைப் போதகர்மார், ஞாயிறு பாடசாலையை எடுத்துக்கொண்ட வாலிபர், மதியச் சாப்பாடு கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுக் கதை கேட்காமல் போன அம்மாமார், மருதனார்மடத்தில் அமைதியான ஓர் அறை தந்தவர்கள், எல்லாருக்கும் ஒரே மூச்சில் நன்றி.

லேவியர் 50 வயதில் பாரமான வேலையை விட்டு, சகோதரருக்குத் துணையாக மட்டும் நிற்கவேண்டும் என்று எண்ணாகமம் 8ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. வேதத்திலேயே இருப்பதை நிர்வாகக் கூட்ட அறிக்கையில் ஏற்றுவதற்கு எங்களுக்கு இவ்வளவு காலம் எடுத்தது. இப்போது ஏற்றிவிட்டோம். போதகருக்குத் திங்கள் ஓய்வு நாள். அன்று அடக்கம் வந்தால் அதே கிழமை வியாழன் ஓய்வு, அடுத்த கிழமைக்குத் தள்ளக்கூடாது. செத்தவீடுகள் மூன்று பேரின் முறைப்படி. காணாமல்போனவர்களின் குடும்பங்களோடு இருந்து கேட்கிறவர், தான் கேட்டதை இறக்கிவைக்க மாதம் ஒருமுறை வேறொருவரிடம் போகவேண்டும்; அந்தச் செலவு சபையுடையது.

பழைய நம்பர் இனிச் சபையின் நம்பர். அடுத்த மாதத்திலிருந்து செயலாளரும் இரண்டு மூப்பர்களும் மாறிமாறி வைத்திருப்பார்கள். தபாலதிபர் ஐயா, இவ்வளவு காலமும் அந்தப் போனுக்கு ரீலோட் போட்ட காசை நீங்கள் இன்னும் சொல்லவில்லை. கொப்பியில் எல்லாக் கணக்கும் இருக்கிறது, அது மட்டும் இல்லை. தயவுசெய்து பொருளாளரிடம் சொல்லுங்கோ.